கிளம்புகிறதை எங்கே என்று கேட்காத வீடு

வீட்டில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் மட்டும் போதுமா, தனியாக ஃபயர்வாலும் வேண்டுமா? இந்தக் கேள்வியை நடுவில் போட்டுக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம். மற்ற வீடுகளில் நிலத்துக்கும் நகைக்கும் சண்டை வரும். எங்களுக்கு வாய்த்தது இது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு பெண்ணின் கல்யாணமும், எனக்கு உயிரான ஒருத்தி என் மேல் வைத்திருந்த நம்பிக்கையும் அதற்குள் போய் மாட்டிக்கொண்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

நான் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்தாவிட்டாலும் ஊருக்கு நான் டீச்சர்தான். பூ மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள், கோவில் வாசலில் செருப்பை விடுகிற இடத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும், “நம்ம பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் இருந்தாச் சொல்லுங்க டீச்சர்” என்பார்கள். படிக்க வந்த பிள்ளைகளின் குடும்பம் பாதி எனக்குத் தெரியும் என்பதால் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் வரன் பார்த்துக் கொடுக்கிற வேலை என்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. இதற்கு நான் ஒன்றும் வாங்குவதில்லை. கல்யாணத்துக்குப் போனால் முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஜாதகத்தையும் போட்டோவையும் கையில் கொண்டுவந்து தந்தார்கள். பிறகு எல்லாம் போனில் வர ஆரம்பித்தது. போன் நிறைந்து திணறியபோது மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி முன்னறையில் வைத்துவிட்டுப் போனான். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை, எதிர்பார்ப்பு. இது அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற பக்கம்.

பொருத்தம் பார்க்கத் தனியாக ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. என் வீட்டுக்காரரின் ஜோசியக்காரச் சினேகிதர் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தது. காசு கிடையாது. பெயரையும் போன் நம்பரையும் பிறந்த நேரத்தையும் கொடுத்தால் கட்டம் போட்டு, பத்துப் பொருத்தத்தையும் நிமிஷத்தில் சொல்லிவிடும். அடியில் குறிப்பு எழுத ஒரு கட்டமும் உண்டு. அதில் நாங்கள் எங்களுக்கு மட்டும் தெரிய வேண்டியதை எழுதி வைப்போம். இந்தப் பையனின் அப்பா குடிப்பார், அந்தப் பெண் வெளியூர் போகச் சம்மதிக்காது, இப்படி.

என் வீட்டுக்காரருக்கு அந்த சாஃப்ட்வேர் என்றால் ஒரு மோகம். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்க மாட்டார். ஜாதகம் போடுவது முழுக்க அவர் வேலை. மனிதர்களிடம் பேசுவது என் வேலை.

என் மருமகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, நான் எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் போட்டோவையும் பிறந்த நேரத்தையும் வைத்திருக்கிறேன் என்று பார்த்து அவள் முகம் மாறிவிட்டது. இதற்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறீர்கள் என்றாள். என் வீட்டுக்காரர் பெருமையாக ஆன்டிவைரஸைக் காட்டினார். அது ஓரமாகப் பச்சை டிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் பொறுமைசாலி. எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். ஆன்டிவைரஸ் என்பது உள்ளே வந்தவன் கெட்டவனா என்று பார்க்கிறது. ஃபயர்வால் வாசலைப் பார்க்கிறது. கம்ப்யூட்டரோடு கூடவே ஒரு ஃபயர்வால் வரும், அதை அணைக்காமல் வைத்திருந்தால் அநேகம் வீடுகளுக்கு அதுவே தாராளம். ஆனால் அது வெளியிலிருந்து நுழைகிறதைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கிற ஒன்று வெளியே ஏதாவது கொண்டுபோனால் சாதாரணமாக ஏன் என்று கேட்காது. “உங்ககிட்ட இருக்கது எல்லாம் அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைங்க விஷயம் அத்தை. அதனால வெளிய போறதையும் கேக்கற மாதிரி ஒண்ணு தனியாப் போட்டுத் தாரேன்” என்றாள்.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஜவுளிக் கடையில் உள்ளே போகும்போது கும்பிடு போடுகிற ஆள், வெளியே வரும்போது பையைத் திறந்து பில்லைக் கேட்கிறான் இல்லையா, அந்த மாதிரி. என் வீட்டுக்காரருக்குத்தான் பிடிக்கவில்லை. காசு கொடுத்து ஒரு காவல்காரனை வைத்த பிறகு இன்னொருத்தன் எதற்கு என்று முனகினார். மருமகள் சொன்னதால் வாயை மூடிக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே விவாதம் நடந்திருக்கும்.

அவள் ஊருக்குப் போன பிறகு அந்த ஃபயர்வால் கேள்வி கேட்க ஆரம்பித்தது. எதைத் திறந்தாலும் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்க்கும். இன்ன புரோகிராம் வெளியே போகப் பார்க்கிறது, விடலாமா, தடுக்கலாமா? எனக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. தெரிந்ததை விட்டேன், தெரியாததை மருமகளுக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. நிறைய வீடுகளில் இது உண்டுதான், ஆனால் என் வீட்டுக்காரர் அளவுக்கு யாரும் கிடையாது. டெப்போவில் எந்த வண்டி எங்கே கிளம்பியது என்று ஆயுள் முழுக்க எழுதிய மனிதர், வீட்டில் ஒருத்தர் செருப்பை மாட்டினால் வாயைத் திறக்க மாட்டார். மிஞ்சினால், தூரமா என்று கேட்பார். என் மகன் காலேஜில் படித்த காலத்தில் அவன் எடுக்கிற பையின் அளவை வைத்துத்தான் எந்த ஊருக்குப் போகிறான் என்று நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கல்யாணக் காரியமாகக் கிளம்புகிறவர்கள் என்றால் இன்னும் மோசம். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, தும்மக் கூடாது. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனாலும் அவரோடு வாழ்ந்து வாழ்ந்து என் வாயிலும் அந்தக் கேள்வி வராமல் போய்விட்டது.

இதையெல்லாம் அந்த ஃபயர்வால் எப்படி அறியும்? அது பாட்டுக்கு எல்லாரையும் வாசலில் மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

என் சினேகிதியைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஜாக்கெட் தைத்து ஒரே மகளைப் படிக்க வைத்தாள். அந்தப் பெண் கடையநல்லூரில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். குணமான பிள்ளை, அதிகம் பேசாது. அவளுக்கு இடம் பார்க்க ஆரம்பித்தபோது சினேகிதி ஒரு நாள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, நான் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, குரலைத் தாழ்த்தி அந்த விஷயத்தைச் சொன்னாள். மகளுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது ஒன்றும் கிடையாது, மருந்து மாத்திரைகூட இல்லை, கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நெஞ்சில் தழும்பு இருக்கிறது.

“உன்னட்ட மட்டுந்தான் சொல்லுதேன்” என்றாள். “நல்ல இடமா வந்து, பேச்சு முத்துன பெறவு, நீயே உன் வாயால அவியட்ட பக்குவமா எடுத்துச் சொல்லு. நான் சொன்னா அழுதுருவேன்.”

நான் சரி என்றேன். ஊரில் யாருக்கும் தெரியாது. அவள் தெருவிலேயே தெரியாது. அப்போதெல்லாம் மதுரைக்குப் போனதை உறவுக்காரக் கல்யாணம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அப்படிக் காப்பாற்றி வைத்ததை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல இடம் வரும்போது மறந்துவிடாமல் சொல்ல வேண்டுமே என்று ஜாதகத்தின் அடியில் குறிப்பில் எழுதி வைத்தேன். சிவகிரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் ராஜபாளையத்தில் வேலை. வந்து பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பையனின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்தாள். பையனும் பெண்ணும் தனியாகக் கொஞ்சம் பேசினார்கள். தேதி பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று போனார்கள். நான் இப்போது சொல்லிவிடட்டுமா என்று கேட்டதற்கு, தேதி குறித்த பிறகு சொல்லலாம் என்றாள் சினேகிதி. அதற்கு முன்னால் பூ வைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தாள்.

அவர்கள் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு ஒரு போன் வந்தது.

உச்சி வெயிலில், முந்தானையில் குத்தின ஊசியோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. யாரோ ஒரு பெண் பேசினாளாம். இந்த ஊர்க்காரி இல்லை. மகளின் நட்சத்திரம், ராசி, பிறந்த நேரம் எல்லாம் சரியாகச் சொன்னாளாம். சின்ன வயதில் நெஞ்சில் ஆபரேஷன் ஆன பெண், அதனால்தான் கல்யாணம் தள்ளிப் போகிறது, நாங்கள் சொல்கிற பரிகாரத்தைச் செய்தால் உடனே முடியும் என்றாளாம்.

“ஏட்டி, நீ யாருட்டச் சொன்ன?” என்று கேட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை என்றேன். சத்தியமாக என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். “அப்பம் எம்பிள்ள நெஞ்சுல கத்தி வச்சது அவளுக்கு எப்படித் தெரியும்? சிவகிரிக்காரவுகளுக்கும் சொல்லியிருப்பா. அதான் அவிய வாயே தொறக்கல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாயாடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் விஷயத்தை ஒரு நாளும் வெளியே விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலிருந்து எத்தனை வீட்டு ரகசியம் என்னிடம் இருக்கிறது தெரியுமா? அதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை வருஷம் பழகினவள் இப்படிக் கேட்டுவிட்டாளே என்று அடுப்படியில் நின்று அழுதேன். அழுது முடித்த பிறகு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. நான் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை. அது எழுதி இருந்த ஒரே இடம் முன்னறையில் இருந்தது.

மருமகளைப் போனில் கூப்பிட்டேன். அவள் அங்கிருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்த்தாள். அம்பு தானாக நகருவதை நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். ஆன்டிவைரஸை ஓடவிட்டாள். அது சாவகாசமாக எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு, வீடு சுத்தமாக இருக்கிறது என்று பச்சை டிக் போட்டது. பாத்தியா, நான்தான் சொன்னேனே என்று என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

மருமகள் சிரிக்கவில்லை. ஃபயர்வாலைத் திறந்து பார்த்தாள். பொருத்தம் பார்க்கிற சாஃப்ட்வேர் வெளியே போகலாம், எப்போதும் போகலாம், இனிமேல் கேட்கவே வேண்டாம் என்று அதற்கு யாரோ அனுமதி கொடுத்திருந்தார்கள். “இது வைரஸ் இல்லை அத்தை. அதனாலதான் ஆன்டிவைரஸ் பிடிக்கலை. ஜாதகம் பாக்கற வேலையை ஒழுங்காத்தான் பாக்குது. அதுல நாம எழுதறதை எல்லாம் அதைச் செஞ்சவங்களுக்கு அனுப்பவும் செய்யுது. இங்க கதவைத் திறந்துவிட்டது யாரு?” என்றாள்.

நான் பக்கத்தில் திரும்பினேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை வைத்த பிறகு நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவர் சொன்னார்: “ஒரு பிள்ள ஜாதகத்தத் தொறந்து வச்சிருக்கேன். அந்த நேரம் பாத்து, வெளிய கிளம்புது, விடவா தடுக்கவான்னு கேக்கு. கல்யாணக் காரியமாக் கிளம்புறத நான் என் கையால தடுக்கவா? எங்க போறன்னு கேக்கதே தப்பு. அதான் போயிட்டு வான்னு விட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டுது. பெறவு கேக்கவே வேண்டாம்னு டிக் போட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கம்ப்யூட்டருக்குச் சகுனம் பார்த்த மனிதரை இந்த ஊர் கண்டிருக்குமா? ஆனால் கோபப்பட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் இன்னொன்றும் ஓடியது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கள் வீட்டில் ஒருவரை நம்புவது என்றால் அப்படித்தான். உள்ளே வருகிறவனை யார், என்ன, எந்த ஊர், யாருக்கு உறவு என்று குடைந்து குடைந்து கேட்போம். ஒருமுறை உள்ளே உட்கார்ந்து காபி குடித்துவிட்டால் அப்புறம் அவன் எங்கே போகிறான், எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்று கேட்பது மரியாதை இல்லை. சினேகிதர் கொண்டுவந்து கொடுத்தது, காசு வாங்காமல் உழைத்தது, அதைப் போய்ச் சந்தேகப்படவா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மரியாதையைத்தான் எவனோ ஒருத்தன் பயன்படுத்திக்கொண்டான்.

இப்போது யாராவது என்னிடம் ஃபயர்வால் வேண்டுமா என்று கேட்டால் நான் ஒரே பதிலாகச் சொல்வதில்லை. பாட்டுக் கேட்கவும், பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசவும் வைத்திருக்கிற வீட்டுக்குக் கம்ப்யூட்டரோடு வருகிறதே போதும், அதை அணைக்காமல் இருந்தால் சரி. அடுத்தவர் விஷயத்தை வாங்கி வைத்திருக்கிறவர்கள், வெளியே போகிறதைக் கேட்கிற ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது, இரண்டும் வேறு வேறு வேலை. ஆனால் எதைப் போட்டாலும், அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்குள் என்னென்ன வழக்கம் இருக்கிறது என்று எந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியும்?

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். என் வாயிலிருந்து போகவில்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டும். போன் பண்ணினேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசுவது காதில் விழக் கூடாது என்பதற்காகவே வேகமாக ஓட்டினாள். திரும்பி வரும்போது தெருவில் அவள் மகள் எதிரே வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வா, ஒன்றைக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சரி பெரிம்மா என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

வந்தார்கள். சினேகிதி நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நிலைப்படியிலேயே சாய்ந்து நின்றாள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு, “தப்பு எங்கையாலதான் நடந்துட்டும்மா. இவ மேல ஒண்ணும் இல்ல” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

மருமகள் அந்த அனுமதியை முன்னமே எடுத்துவிட்டிருந்தாள். இல்லாத ஒரு பெண்ணுக்கு, இல்லாத ஒரு பிறந்த நேரத்தைப் போட்டு நான் ஜாதகம் எழுதினேன். குறிப்பில் ஒன்றுமில்லாத ஒன்றை எழுதினேன். முடித்ததும் மூலையில் அந்தக் கட்டம் வந்தது. இந்தப் புரோகிராம் வெளியே போகப் பார்க்கிறது, விடலாமா? நான் கையை எடுத்துவிட்டு, நீயே பார் என்றேன். சினேகிதி கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். மகள் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். இப்படித்தான் என் பிள்ளையின் விஷயமும் போனதா என்று சினேகிதி கேட்டாள். ஆமாம் என்றேன். மவுஸை எப்படி அமுக்க வேண்டும் என்று கேட்டு, தடு என்பதில் அவளே அமுக்கினாள். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உன்னச் சந்தேகப்பட்டுட்டேன் ஏட்டி” என்றாள். ஆனால் அவளுக்கு அதோடு முடியவில்லை. யார் விட்டது என்று தெரிந்து என்ன பிரயோஜனம், போனது போனதுதானே, இதே மாதிரி சிவகிரிக்கும் எவளாவது போன் பண்ணியிருப்பாள், நல்ல இடம் கைவிட்டுப் போய்விட்டதே என்று புலம்ப ஆரம்பித்தாள். நான் நாளைக்கே சிவகிரிக்குப் போய் நேரில் பேசுகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் தானும் வருவதாகச் சொன்னார்.

“யாரும் போக வேண்டாம் பெரிம்மா” என்றாள் அந்தப் பெண். அதுவரை அவள் தன்னைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதால் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். “அவிய பேசாம இருக்கது உங்க கம்ப்யூட்டரால இல்ல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் பேசச் சொன்னியல்லா, அப்பமே நான் அவர்ட்டச் சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லுதேன்னாரு. இன்னும் யோசிக்காரு போல.”

சினேகிதி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஏன் சொன்னாய், யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று கேட்டாள்.

“என்னட்ட யாரும்மா கேட்டா?” என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. “ஒளிச்சு வச்சுக்கிட்டு ஒரு வீட்டுக்குப் போனா, பெறவு நாள்பூரா காவல்ல நிக்கணும். நீ எனக்கு ஒவ்வொரு ஜாக்கெட்டும் கழுத்த ஏத்தி ஏத்தித் தைக்க. வெயில் காலத்துல கூட. ஒருநாளாவது எறக்கித் தைக்கட்டுமான்னு கேட்டியா? உனக்கு அது பழகிட்டு. என்னால ஆவாது.”

நானும் சினேகிதியும் ஒரு ரகசியத்தை யார் வெளியே விட்டது என்று அடித்துக்கொண்டிருந்தோம். அது அந்தப் பெண்ணுடைய ரகசியமே இல்லை. அவள் அம்மாவுடையது. நானும் அதை அம்மாவிடமிருந்துதான் வாங்கினேன், அம்மா சொன்ன இடத்தில்தான் வைத்திருந்தேன். யாருடைய நெஞ்சோ, அந்த நெஞ்சுக்காரியை நாங்கள் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் தைரியத்தைப் பார்த்துச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“என் பக்கத்த எடுங்க பெரிம்மா” என்றாள். பொருத்த சாஃப்ட்வேரைத்தான் சொல்கிறாளோ என்று நினைத்து, அதை அழித்துவிடப் போகிறேன் என்றேன். அது இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பக்கம் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பாமல் நின்றபடியே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். படிப்புக்கும் வேலைக்கும் கீழே, எதிர்பார்ப்புக்கு மேலே, ஒரு வரி அடித்தாள். சிறு வயதில் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது, நெஞ்சில் தழும்பு உண்டு, இப்போது முழு நலம். இதைப் படித்துவிட்டு வருகிறவன் வந்தால் போதும் என்றாள். சிவகிரி என்றால் சிவகிரி, இல்லாவிட்டால் வேறு ஊர்.

அவள் அம்மா அந்த வரியை மெதுவாகப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு மகளின் கையைத் தொட்டு, “தழும்பு சின்னதுதான்னு ஒரு வார்த்த சேத்துரு” என்றாள்.

“சின்னது இல்லம்மா” என்றாள் மகள்.

சினேகிதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, “இப்படியே அனுப்பு ஏட்டி” என்றாள்.